மடிப்பிச்சை அரிசி

சித்தப்பா யாருக்கும் நேரடியாக ஒரு வேலை சொன்னதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பார். "இந்த வீட்டில நல்ல பிள்ளை ஆர்?" கேட்கும்போது எங்கள் பக்கம் பார்க்க மாட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு, அங்கே யாரோ மறுமொழி சொல்லப்போவது போலக் கேட்பார். பிள்ளை எங்கிருந்தாலும் ஓடிவரும். "நான்தான்!" அதற்குப் பிறகுதான் வேலை வரும். செருப்பை எடுத்து வா, தண்ணீர் கொண்டு வா, கடைக்கு ஓடிப்போய் வெற்றிலை வாங்கி வா.

முதலில் அந்தக் கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. யுத்தம் முடிந்து நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும்போது ஆட்கள் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். சித்தப்பாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் கூடாரத்தில்தான் இருந்தார். பவுசர் வரும் நேரம் அவர் மேலே பார்ப்பார். நான் அவருடைய வாளியையும் தூக்கிக்கொண்டு ஓடுவேன். காலுக்குக் கீழே மணல் சுடும். ஆனாலும் வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளைவிட நான் ஒரு படி மேல் என்ற நினைப்பு இருக்கும். அவர்கள் அடிக்குப் பயந்து வந்தவர்கள். நான் நல்ல பிள்ளையாக இருப்பதால் வந்தவள்.

சித்தப்பாவின் முழுப்பெயர் கதிர்காமநாதன். அப்பாவின் கடைசித் தம்பி. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்து ஒட்டுசுட்டான் பக்கம் வந்து வயல் செய்த குடும்பம். மீள்குடியேறிய பிறகு சித்தப்பா தன் பங்கு வயலைத் திருத்தினார். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று வைத்து மற்றவர்களின் வயலும் உழுதார். நல்ல கதைகாரன். யானை வந்து வேலியை முறித்துவிட்டுப் போன காலையில்கூட நாலு பேரைச் சிரிக்கவைப்பார். "நான் வைச்ச வேலியை விட யானை முறிச்ச வேலி வடிவாக் கிடக்கு" என்பார். ராஜினி சித்தியைக் கட்டினார். யதுர்ஷிகா பிறந்தாள். சித்தி விடியப்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போய்ப் பொழுதுபடத்தான் வருவா. ஆகவே பிள்ளையை வளர்த்தவர் பெரும்பாலும் சித்தப்பாதான்.

எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளின் காலிலும் பூவரசந்தடியின் தழும்பு இருக்கும். யதுவின் காலில் இல்லை. "கதிர் பிள்ளைக்குக் கை நீட்டமாட்டான்" என்று ஊரே சொல்லும். அது உண்மை. அவருக்கு அடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வவுனியாவில் படித்தபோது ஒரு விரிவுரையில் சிறு பிள்ளைகளின் கீழ்ப்படிவைப் பற்றிச் சொன்னார்கள். பயத்தில் கீழ்ப்படியும் பிள்ளை, பெரியவர் திரும்பியதும் நிறுத்திவிடும். தன்னை நல்ல பிள்ளை என்று நம்பும் பிள்ளை யாரும் பார்க்காதபோதும் செய்யும், விருப்பத்தோடு செய்யும், தன்னுடைய வேலையாக நினைத்துச் செய்யும். எனக்கு உடனே யதுவின் ஞாபகம்தான் வந்தது. நான்கு வயதில் தன் விளையாட்டுச் சாமானைத் தானே அடுக்கிவைத்துவிட்டு, ஒருவரும் கேட்காமலே "நான் நல்ல பிள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சித்தப்பா படிக்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் வியந்தேன்.

அப்படி நம்பும் பிள்ளை என்ன வேலை என்று கேட்காது. அதை விரிவுரையில் யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

யதுவுக்கு ஐந்து வயதில் டெங்கு வந்தது. வவுனியா ஆஸ்பத்திரி விறாந்தையில் சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அழுதார். "அம்மாளாச்சி, என்ர பிள்ளையைத் தா. வீடு வீடா மடிப்பிச்சை எடுத்து வந்து உன்ர வாசல்ல பொங்குறன்." அந்த அழுகை பொய் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளை எழும்பிவிட்டாள். மடிப்பிச்சை எடுப்பது நேர்த்தி வைத்தவருடைய வேலை. மஞ்சள் துணி கட்டி, செருப்பில்லாமல், தெரிந்தவர் தெரியாதவர் என்று பாராமல் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று மடியை ஏந்த வேண்டும். தன் பெருமையை இறக்கிவைப்பதுதான் அந்த நேர்த்தி. கிடைத்த அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொங்கி, அரிசி தந்த வீடுகளுக்கு ஒரு வாய்ப் பொங்கலாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சித்திரை பிறந்ததும் சித்தி ஞாபகப்படுத்தினா.

"நான் போய்ச் சனத்தின்ர படலையில நிக்கிறதோ?" என்றார் சித்தப்பா. "பிறகு ஆர் என்னை மதிச்சு உழவுக்குக் கூப்பிடுவினம்?"

"நேர்த்தி வைச்சது நீங்கள்."

"வருத்தம் வந்தது பிள்ளைக்கு. பிள்ளை எடுத்தாத்தான் அம்மாளாச்சிக்குச் சந்தோசம். உமக்கு இதெல்லாம் விளங்காது." பிறகு கூரையைப் பார்த்தார். "இந்த வீட்டில நல்ல பிள்ளை ஆர்?"

யது மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போனாள். காலையில் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடி என்று சித்தி கெஞ்சியபோது, "நல்ல பிள்ளை அம்மாளாச்சிட வேலைக்குச் சாப்பிட்டிட்டுப் போகாது" என்றாள். வெறுங்காலோடு, இரண்டு கையாலும் மடியைப் பிடித்துக்கொண்டு, ஓர் அரிசிகூடச் சிந்தாமல் நடந்தாள். ஒழுங்கையில் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டு அரிசியை அள்ளிக் கொடுத்தார்கள். கடைசி வீடு பேச்சியம்மாவுடையது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயல்களில் களை பிடுங்கும் வேலை. அன்றைக்கு அவள் வீட்டில் இருந்ததே நிவாரணக் கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சம் அரிசிதான். பானையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"பொங்குனதும் எனக்கு ஒரு வாய் பிரசாதம் கொண்டாந்து குடு தாயி. மறந்துறாத."

"ஓம் மாமி. நானே கொண்டுவந்து தருவன்."

அந்த வாக்கை யது மறக்கவில்லை.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் வந்தது. சித்தப்பா போகவில்லை. லாண்ட்மாஸ்டருக்கு வேலை இருக்கிறது என்றார். அந்த வேலை என்ன என்று நான் காணவில்லை. அரிசிச் சாக்கு வேப்பிலை கட்டியபடி லாண்ட்மாஸ்டர் கொட்டிலில் கிடந்தது. பிறகு ஒருநாள் சாக்கைக் காணவில்லை. கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சித்தியிடம் சொன்னார். பிள்ளையிடம் சொன்னது வேறு. "அரிசி காணாது. அம்மாளாச்சிக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கவேணும். அம்மாட்டச் சொல்லாத, அம்மா கவலைப்படுவா. நல்ல பிள்ளை அம்மாவைக் கவலைப்படுத்தாது."

அந்தப் போக அறுவடையில் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் நெல்லையும் சேர்த்து விற்று அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். வயல் வைத்திருப்பவன் வருடத்துச் சாப்பாட்டு நெல்லை விற்பதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்வதில்லை. அவர் செய்தார்.

ஆடி மாதம் நான் ஒரு வேலை விண்ணப்பத்துக்காக வவுனியா போய்விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நெடுங்கேணி தாண்டி ஒரு திருப்பத்தில் பஸ் ஆள் ஏற்ற நின்றது. யன்னலால் பார்த்தேன். மருதமர நிழலில் அந்த மோட்டார் சைக்கிள். அதன்மேல் சித்தப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர் ஒழுங்கையிலிருந்து யது வந்தாள். அதே மஞ்சள் துணி, நிறம் மங்கியிருந்தது. தார் வீதி சுட்டிருக்க வேண்டும், குதிக்காலை ஊன்றாமல் நடந்தாள். மடியிலிருந்த அரிசியை மோட்டார் சைக்கிளில் தொங்கிய பைக்குள் மெதுவாகக் கொட்டினாள். அவர் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளுடைய தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பி ஓடினாள்.

பிள்ளையை அடித்து அனுப்பியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் சந்தோசமாக ஓடியதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அன்று பொழுதுபடச் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நேர்த்தி எண்டா ஒருக்காத்தான் எடுக்கவேணும் எண்டு எங்க எழுதியிருக்கு? அடுத்த வைகாசிக்குப் பெரிசாப் பொங்குவம். நீயும் வா."

நான் அதோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரிதாகப் பொங்குவார் என்று நம்பினேனா, நம்ப விரும்பினேனா தெரியவில்லை.

வேலை கிடைக்காத பட்டதாரிக்கு வீட்டில் எப்போதும் ஒரு வேலை இருக்கும். பள்ளிக்கூடத்தால் வரும் யதுவுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுக்கொடுப்பது என் பொறுப்பு. ஐப்பசியில் ஒருநாள் சித்தி சமைத்து வைத்துவிட்டுப் போன சோற்றைப் போட்டுக் குழம்பை விட்டேன். சித்தப்பாவும் குசினிக்குள் கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யது சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு ஒரே சோறாக இல்லை. சம்பா குழைந்துபோய் இருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசி சிவப்பாக, வேகாமல் கடினமாகக் கிடந்தது. இடையில் வெள்ளைப் பச்சையரிசி. கூப்பன் அரிசியின் மஞ்சள் பருக்கையும் இருந்தது.

"அப்பா, இது அம்மாளாச்சிட அரிசி."

"சீ. கடை அரிசி. கலவையா மலிவாத் தந்தவன் எண்டு அம்மாட்டயும் சொன்னனான்."

"இது பேச்சியம்மா மாமி தந்த மாதிரி." மஞ்சள் பருக்கை ஒன்றை விரலால் எடுத்துக் காட்டினாள். "நான் இன்னும் மாமிக்குப் பிரசாதம் குடுக்கேல்லை."

"அவளுக்கென்ன பிரசாதம், கூப்பனரிசி தந்தவளுக்கு" என்று சித்தப்பா வாய்க்குள் சோற்றோடு சொன்னார். பிறகு குரலை இனிப்பாக்கினார். "யதுக்குட்டி, நல்ல பிள்ளை சாப்பாட்டில வைச்சுக் கேள்வி கேக்குமோ?"

யது கேட்கவில்லை. குனிந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கோப்பையில் ஒன்றும் மிச்சம் விடவில்லை. அவர் வயிறு நிறைந்த திருப்தியோடு ஏவறை விட்டுக் கைகழுவப் போனார். அந்த ஏவறைச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

கிணற்றடிக்கு அவர் பின்னால் போனேன்.

"என்ன வேலை சித்தப்பா இது?"

"நீ படிச்சனி, எல்லாத்தையும் பெரிசாத்தான் பாப்பாய். பிள்ளை பசியில இருக்கேக்க தன்ர அரிசியைத் தின்னுது எண்டு அம்மாளாச்சி கோவிப்பாவோ? அப்பிடிக் கோவிச்சா அவா என்ன தாய்?"

அவருடைய கதை எப்போதும் அப்படித்தான். கேட்கும்போது சரிபோல இருக்கும்.

"சித்திட்டச் சொல்லப்போறன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே, தென்னோலையைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். "பிரஷா சொல்லமாட்டாள். சின்னனில இருந்தே அவள்தான் எங்கட குடும்பத்தில நல்ல பிள்ளை."

பட்டம் வாங்கிய எனக்கு, அந்தக் கணத்தில், முகாமின் வெயிலில் வாளியோடு நின்றபோது வந்த அதே குளிர்ச்சி நெஞ்சுக்குள் வந்தது. என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பு வந்தது. எதையெல்லாம் நானாக விரும்பிச் செய்தேன், எதையெல்லாம் அந்தப் பெயருக்காகச் செய்தேன் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. படிப்பும் அதற்குள் அடக்கம்.

அன்று சித்தி பஸ்ஸால் இறங்கியதும் சொன்னேன். சித்தி கொட்டிலுக்குள் போய்ப் பழைய டயர்களுக்குப் பின்னால் கிடந்த சாக்கை இழுத்தெடுத்தா. அரைச்சாக்கு இருந்தது. அதன்மேல் வேப்பிலை காய்ந்து நொறுங்கிக் கிடந்தது. இரவு பெரிய சண்டை. சித்தப்பா சத்தியம் பண்ணினார், வருகிற வைகாசிக்கு இரண்டு மடங்காகப் பொங்குவேன் என்று.

வைகாசிக்கு முதல் பங்குனி வெயில் வந்தது. யதுவுக்கு அம்மாள் வருத்தம். முகமெல்லாம் கொப்புளம். வாசலில் வேப்பிலை கட்டி, பாயில் வேப்பங்குழை பரப்பிக் கிடத்தியிருந்தோம். சித்தி வேலைக்குப் போயிருந்த நேரம் பேச்சியம்மா இளநீர் கொண்டுவந்தாள்.

"பச்சப் புள்ளைக்கு இம்புட்டு வந்திருக்கே. வீட்டுல ஏதும் குத்தம் நடந்துச்சா அய்யா? ஆத்தாளுக்கு வச்ச நேர்த்தி ஏதும் பாக்கி இருக்கா?"

சித்தப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"என்னத்தைச் சொல்ல. கோயிலுக்கு எடுத்துவைச்ச அரிசியைப் பிள்ளை விளையாட்டுக்கு அள்ளி வாயில போட்டிட்டுது போல. சின்னப் பிள்ளைதானே, தெரியாமல் செய்தது. அம்மாளாச்சி பொறுப்பா."

பாய்க்கும் எங்களுக்கும் இடையே ஒரு சேலைத் திரைதான். "பொய் சொல்லாதேங்கோ" என்று நான் கத்தினேன். பேச்சியம்மா இளநீரை வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் திரையை விலக்கிப் பார்த்தேன். யது விழித்துக்கொண்டு கிடந்தாள். கொப்புளம் இருந்த கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அக்கா, நான் சாப்பிட்டனான்தானே" என்றாள்.

எத்தனையோ விதமாகச் சொன்னேன். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் வருத்தம் என்றேன், கிருமி என்றேன், நீ செய்த பிழை இல்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சொன்னதற்கு மேலே வேறு யாருடைய சொல்லும் அவளிடம் ஏறவில்லை. அவளை நல்ல பிள்ளை ஆக்கியவர் அவர். கூடாத பிள்ளை ஆக்கவும் அவருக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது.

வருத்தம் மாறித் தண்ணீர் வார்த்து ஒரு கிழமைக்குப் பிறகு சித்தப்பா வயலால் வந்து கதிரையில் சாய்ந்தார். கூரையைப் பார்த்தார். "இந்த வீட்டில நல்ல பிள்ளை ஆர்?"

யது நிலத்தில் இருந்து சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"ஆரெண்டு கேட்டனான்."

"இஞ்ச ஒருத்தரும் இல்லை."

அவர் சிரித்தார். "அப்ப நீர் ஆர்?"

"நான் கள்ளி."

"சரி கள்ளி, தண்ணி கொண்டுவா."

"மாட்டன்."

மூன்றாம் தரமும் மாட்டேன் என்றபோது, ஊரெல்லாம் கை நீட்டாதவர் என்று பெயரெடுத்த என் சித்தப்பா வேலியில் தடி முறித்தார். யதுவின் காலில் முதல் தழும்பு அன்றைக்குத்தான் விழுந்தது. அவள் அழவில்லை. கிடைக்கவேண்டியது கிடைத்தது போல இருந்தாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் பென்சில் அவளுடைய பையில் இருந்தது. ஏன் எடுத்தாய் என்று ரீச்சர் கேட்டபோது, "நான் கள்ளிதானே" என்று சாதாரணமாகச் சொன்னாளாம். விளையாட்டுச் சாமானை அடுக்குவதில்லை. சொன்னதைச் செய்வதில்லை. சித்தப்பாவுக்கு இது பெரிய மனக்கஷ்டம். "நல்ல மாதிரி வளத்தனான், எங்கால இந்தக் குணம் வந்ததெண்டு தெரியேல்லை" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கும். அந்தக் கண்ணீரும் பொய் இல்லை.

வைகாசி பிறக்க முதல் அவர் சாரதி வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டார். நேர்த்தியை ராஜினி சித்தி செய்தா. லீவு எடுத்து, தானே மஞ்சள் துணி கட்டி, செருப்பில்லாமல், சித்தப்பா பிள்ளையை அனுப்பிய ஊர்களுக்கெல்லாம் போய்ப் படலைகளில் நின்றா. "போன வருசமும் ஒரு பிள்ளை வந்து எடுத்ததே" என்று கேட்டவர்களிடம், "ஓம், அந்தப் பொங்கலும் இதோடதான்" என்று தலை குனிந்து சொன்னா. வற்றாப்பளையில் பொங்கினோம். திரும்பி வந்து பேச்சியம்மாவுக்குப் பிரசாதம் கொடுத்தபோது அவள் யதுவை அணைத்துக்கொண்டு ஒரு வாய் ஊட்டப் பார்த்தாள். யது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம் மாமி. எனக்குத் தரக்கூடாது."

அன்று பின்னேரம் சித்தி கட்டாருக்கு அழைப்பு எடுத்தா. நான் பக்கத்தில் இருந்தேன்.

"நீங்கள் ஒண்டும் அனுப்பவேண்டாம். பிள்ளையைக் கூப்பிட்டு, பிழை அப்பாட, உன்ர இல்லை எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ."

"விசர்க்கதை. உதெல்லாம் சின்னதுக்கு நினைவிருக்குமே? நான் ஒரு பொம்மை அனுப்புறன்."

"இஞ்சருங்கோ, சொல்லுங்கோ."

"சரி, சரி. வெள்ளிக்கிழமை லீவு. சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. அங்கே வெயில் என்றார். சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்றார். லாண்ட்மாஸ்டரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார். யது முற்றத்தில்தான் நின்றாள். அவளைக் கூப்பிடச் சொல்லவில்லை. சித்தி தானாகக் கூப்பிட்டபோது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விட்டது. பொம்மை மட்டும் வந்தது. அம்மாளாச்சிக்கு அவர் வைத்த கடனைச் சித்தி தீர்த்துவிட்டா. மற்றக் கடனை வேறு ஆள் தீர்க்க வழியில்லை.

நான் தீர்த்துப் பார்த்தேன். நேற்றும் யதுவை மடியில் வைத்து, "பிழை அப்பா விட்டது, நீ இல்லை" என்று சொன்னேன். அவள் பொம்மையின் கையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன் அக்கா, அப்பா சொல்லேல்லை?"